182-இலேயே நின்ற ஓவன்

உலகத்தில் நடந்த போர்கள் அத்தனைக்கும் காரணம் ஒன்றே: பேசிக்கொள்ள ஒரு பொது விதி இல்லாமை. இது பிஸ்கட் தொழிற்சாலையின் தலைமை இன்ஜினியர் கண்ட உண்மை. உலகத்துக்கு உதவ நேரமில்லாததால், தன் மெஷின்களுக்கு மட்டும் நாற்பது பக்க விதிநூல் எழுதினார். மிக்ஸர், பெல்ட், பேக்கிங், ஓவன் நான்கும் ஒரே ஜோடி வயரில் கன்ட்ரோலரோடு பேச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; தன் எண்ணைக் கூப்பிட்டால் மட்டுமே வாய் திறக்க வேண்டும்.

பதினோரு மணிக்கு டைரக்டர் வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் ஏழு தொழிற்சாலைக்கும் இதே விதிநூல். இன்ஜினியருக்குத் தலைமை அலுவலகத்தில் தனி அறை.

பத்தரைக்கு, புதிதாய்ச் சேர்ந்த வயர்மேன் கன்ட்ரோல் ரூம் திரையைக் காட்டினார். ஓவன் சூடு காலையிலிருந்து 182 டிகிரியிலேயே ஏறாமல் இறங்காமல் நின்றது.

"கீழ போய் ஓவனை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன் சார்."

"ஸ்டாண்டர்ட் எழுதினவன் இங்க உக்காந்திருக்கேன். நீ ஓவன்கிட்ட போய் என்னய்யா கேக்கப் போற?"

ஜோடி வயர் இரண்டும் இடம் மாறியிருக்கும் என்று சொல்லி, பேனலில் அவற்றை மாற்றிச் சொருகவைத்தார். ஓவன் அசையவில்லை, மற்ற மூன்றும் ஊமையாயின. பழையபடி சொருகியதும் மூன்றுக்கும் வாய் வந்தது. ஓவன் 182.

அப்படியென்றால் எண்ணில்தான் கோளாறு என்று, நான்கு என்றிருந்த ஓவனின் எண்ணை இரண்டாக்கினார். இரண்டு பெல்ட்டின் எண் என்று வயர்மேன் சொல்வதற்குள், ஓவனைச் சோதிக்க 180 என்று தட்டிவிட்டார்.

நிமிடத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் ஊர்ந்துகொண்டிருந்த பெல்ட், இட்ட கட்டளையை மீறாமல் 180-இல் ஓடியது. பிஸ்கட்டுகள் வெந்ததும் வேகாததுமாகப் பறந்தன. பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட டைரக்டரை வாசலில் வரவேற்றவை அவைதான்.

டைரக்டர் சட்டையைத் தட்டியபடி கன்ட்ரோல் ரூமுக்கு வந்து விளக்கம் கேட்டார். விதிநூலில் குறையில்லை, ஓவனுக்குத்தான் ஒழுக்கம் போதவில்லை என்றார் இன்ஜினியர். "மூணு வருஷமா அது ஒருநாள்கூட பேச்சை நிறுத்தினதில்ல சார். இன்னிக்குன்னு பாத்து அடம் பிடிக்குது."

மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் காலையில் லீவு போட்டிருந்த கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டரம்மா தோள்பையோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் பதறிப்போனார்.

"மன்னிச்சிடுங்க சார், இது நேத்து சாயங்காலம் போட்ட நம்பர். அந்த ஓவன்ல வயர் மாட்ற இடமே கிடையாது. திரை காலியா இருக்கக் கூடாதுன்னீங்க, அதான் மூணு வருஷமா அரை மணிக்கொரு தடவை நானே கீழ போய்ப் பாத்துட்டு வந்து டைப் பண்றேன்."