ஒரு டிரம்மர் பாடகரான கதை

மனித குலத்தின் முயற்சிகளிலேயே மகத்தானது, ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டு முடிக்காமலே இருப்பதுதான். இதற்கு 'ஜாம்' என்று பெயர். ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற அற்பர்களுக்கு இதன் அருமை புரியாது.

டிரம்மருக்குப் புரிந்திருந்தது. பகலில் கண்ணாடிக் கடையில் சட்டம் அறுப்பவர். சனிக்கிழமை மாலைகளில் ஒரு மாற்று ராக் குழுவின் முதுகெலும்பு. அதன் தலைவரான கிதார்காரருக்குச் 'சூறாவளி' என்று பட்டப்பெயர். மேடையில் எதுவும் தவறல்ல என்பது அவர் சித்தாந்தம். தந்தி அறுந்தால் 'புதுமை'. மைக் கீச்சிட்டால் 'எதிர்ப்புக் குரல்'. ஒலிப்பதிவுக் கூடம் இசையின் பிணவறை. 'லைவ்' நிகழ்ச்சியில்தான் உயிர் இருக்கிறது.

"உங்க பாட்டு எப்பண்ணே முடியும்?" என்று டிரம்மரின் மனைவி ஒருமுறை சூறாவளியிடம் கேட்டாள்.

"முடிஞ்சா அது பாட்டு, தங்கச்சி. முடியாம இருந்தாத்தான் இசை."

"அப்ப இவரு சாப்பிடுறது எப்ப?"

மருந்துக் கடையில் வேலை பார்ப்பவளிடம் இதற்கு மேல் இசை ஞானத்தை எதிர்பார்க்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை பழைய கிடங்கு ஒன்றில் கச்சேரி. முதல் பாட்டே முக்கால் மணி நேரமாக உயிரோடு இருந்தது. டிரம்மருக்குத்தான் இடது தோளை என்னவோ பிசைந்தது. வியர்வை கண்ணில் வழிந்தது. போதும் என்று சூறாவளியைப் பார்த்துத் தலையாட்டினார். பரவசமான சூறாவளி வேகத்தைக் கூட்டினார்.

டிரம்மர் பக்கத்து மைக்கை எட்டிப் பிடித்தார்.

"நெஞ்சு வலிக்குதுடா... நிறுத்துங்கடா..."

சூறாவளிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷத்தில் இவன் வாயைத் திறந்து பாடியதே இல்லையே! "நெஞ்சு வலிக்குதுடா!" என்று அவரும் எடுத்தார். "நிறுத்துங்கடா!" என்று பேஸ் கிதார்காரர் எதிர்ப்பாட்டுப் பாடினார். கூட்டம் கையைத் தூக்கி இரண்டையும் முழங்கியது. குச்சிகள் நழுவ, டிரம்மர் சிம்பல் தட்டின் மேல் சரிந்தபோது எழுந்த கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

கூட்டத்தில் நின்றிருந்த மனைவி மேடையேறிப் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

"பாட்டு இல்லடா பாவிங்களா! அவருக்கு நிஜமாவே வலிக்குது!"

கூட்டம் அதற்கும் கைதட்டியது.

மூன்றாம் நாள் சூறாவளியும் பேஸ்காரரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். முகத்தில் அப்படியொரு துயரம். மன்னிப்புத்தான் கேட்கப் போகிறார்கள் என்று டிரம்மர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சூறாவளி அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

"தங்கச்சி மட்டும் பிளக்கைப் பிடுங்கலைன்னா, இன்னும் ஒரே நிமிஷத்துல உச்சத்துக்குப் போயிருப்போம்டா."

"நான் மேலேயே போயிருப்பேன்டா."

சூறாவளியின் கண்கள் கலங்கின. சொன்னது உறைத்துவிட்டது என்று டிரம்மர் ஆறுதலாக மூச்சு விட்டார். அதற்குள் பேஸ்காரரின் விரல்கள் கட்டில் கம்பியில் தாளம் போட ஆரம்பித்திருந்தன.

சூறாவளி செல்போனை எடுத்து, ஒலிப்பதிவை அழுத்தி, டிரம்மரின் வாயருகே நீட்டினார்.

"இன்னொரு தடவை சொல்லுடா. அதே வலியோட."