அத்தி பூத்த புடவை

நாலு மணிக்கு இன்டர்வியூ. மூன்றேகாலுக்குப் பார்த்தால் துரைராஜின் சட்டைப் பையில் இங்கிலீஷைக் காணோம்.

தி.நகர் ஜவுளிக்கடையில் பதினாறு வருஷமாகப் புடவை விரித்துப் போடுகிறவர். பட்டு மாடிக்கு மேனேஜர் வேலை காலி. முதலாளியின் மருமகள் மதுவந்தி இங்கிலீஷில்தான் கேள்வி கேட்பார் என்று பேச்சு. மனுஷர் அசரவில்லை. பத்து இங்கிலீஷ் சொலவடைகளைக் கடையின் விலை அட்டைகளில் எழுதி, பின்பக்கம் தமிழில் அர்த்தம் போட்டு, ஒரு வாரமாக உரு அடித்தார். மண்டையில் ஏறினால்தானே!

"ஷம்ஷாத், என் அட்டைங்க எங்கம்மா?"

பக்கத்து கவுன்ட்டர் ஷம்ஷாத் கையைப் பிசைந்தாள். "கவுன்ட்டர் மேல கெடந்துச்சு. தீபாவளிப் புடவைக்கு வருஷா வருஷம் புதுப் பேர் வைப்பாங்கல்ல? அதுதான்னு நெனச்சு, காலைல வந்த பத்து புடவையில கட்டிட்டேண்ணா."

"அடிப்பாவி!"

ஓடினார். மந்தைவெளியிலிருந்து வழக்கமாக வரும் சுப்புலக்ஷ்மி மாமி, ஒரு புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'. பின்னாடி 'அத்தி பூத்தாற்போல்'னு வேற போட்டிருக்கே. பேரே ஜோரா இருக்கு!"

"மாமி, அது பேரில்லை. அந்தப் புடவை விக்கறதுக்கும் இல்லை."

"பின்னே யாருக்கு ஒளிச்சு வெச்சிண்டிருக்கேள்?"

மாமிக்கு வெண்கலத் தொண்டை. மாடியே திரும்பிப் பார்த்தது. அதற்குள் இன்னொருத்தி, 'யானை விலை, குதிரை விலை' அட்டை கட்டிய புடவையை எடுத்து, "ஆனா விலை இவ்ளோ கம்மியாத்தானே கீது? தள்ளுபடி போல!" என்று அக்குளில் அமுக்கிக்கொண்டாள்.

"சரி, புடவையை எடுத்துக்கோங்க! அட்டையை மட்டும் குடுத்துடுங்க!" என்று கெஞ்சினார் துரைராஜ்.

கெட்டது குடி.

"அட்டைக்குக் குலுக்கல்ல பரிசாம்டி!"

பத்தும் பறந்துவிட்டன. அட்டைகள் அவரவர் கைப்பைக்குள் பத்திரமாகப் போய்விட்டன.

நாலு மணி. மதுவந்தி முன்னால் நின்றவர் காலிச் சட்டைப் பையைத் தடவினார். பதினாறு வருஷமும் போச்சே, வீட்டில் என்ன சொல்வது என்று கண் கலங்கிவிட்டது.

"கேமராவுல பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்," என்றார் மதுவந்தி, நல்ல தமிழில். "விக்கறதுக்கு இல்லைன்னு சொல்லியே பத்தையும் வித்துட்டீங்களே! நாளையிலேர்ந்து நீங்கதான் மேனேஜர். இங்கிலீஷை விடுங்க, அதுக்கு நான் இருக்கேன்."

துரைராஜ் துள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "ஷம்ஷாத்! நீ தெரியாம செஞ்ச தப்புதாம்மா என்னைக் காப்பாத்திச்சு!"

ஷம்ஷாத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"தெரியாமலா? நாலரைக்கு எனக்கும் இன்டர்வியூண்ணா. நீங்க இங்கிலீஷ் பேசிடக் கூடாதுன்னுதானே கட்டினேன்!"