அத்தை தைத்த உறையும் மாமாவின் நெஞ்சில் விழுந்த ஓட்டையும்

பேரன்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குவதற்கில்லை. நீங்கள் நலமா இல்லையா என்ற தகவல் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் நலம். இதைப் போனிலேயே சொன்னேன். "வாய்ப்பேச்செல்லாம் வேணாம்மா, எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று வைத்துவிட்டீர்கள். எழுத்தில் தருகிறேன். கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு வழக்கம்போல அத்தையைத்தான் உரக்க வாசிக்கச் சொல்வீர்கள் என்பதால் அத்தைக்கும் என் வணக்கம். அத்தை, நிதானமாக வாசியுங்கள். இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

எங்கள் எக்ஸ்ரே நிலையத்தில் ஃபிலிம் பெட்டிகளை ஒழித்துவிட்டு டிஜிட்டல் பேனல் வாங்கியது உங்களுக்குத் தெரியும். பாதியாக மடித்த செய்தித்தாள் அளவில் ஒரு கறுப்புப் பலகை, அவ்வளவுதான். அதன்மேல் நெஞ்சை ஒட்டி நின்றால் இரண்டு மூச்சுக்குள் படம் கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிடும். கீழே விழுந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி உடையும் என்று கம்பெனி இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எங்கள் டாக்டர் அதைத் தலைப்பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு அலைந்தார். பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முறைத்தார். இதை உங்கள் வீட்டில் வேடிக்கையாகச் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை, அளவு கேட்டார். சில நாளில் தலையணை உறை மாதிரி, பஞ்சு வைத்துத் தைத்த உறை ஒன்று வந்து சேர்ந்தது. மடிப்பு பிரியாமலிருக்க ஒரு பெரிய பித்தளைப் பொத்தான். நாலு துளை போட்டது, உங்கள் பழைய கோட்டிலிருந்து வெட்டியது. டாக்டர் அதைத் தடவிப் பார்த்து, "உங்க அத்தைக்கு இருக்கிற அக்கறை இங்க சம்பளம் வாங்கறவங்க யாருக்காவது இருக்கா?" என்றார். சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான்.

அன்றைக்கே பேனலுக்குக் காலிபரேஷன் செய்யவேண்டியிருந்தது. அதாவது, எதிரே ஒன்றுமே இல்லாதபோது படம் எப்படி இருக்கும் என்று அதற்குக் காட்டிக்கொடுப்பது. அதைப் பழகிக்கொண்டுதான், இருப்பவற்றை அது சரியாகக் காட்டும். "நடுவுல ஒரு தூசு இருக்கக்கூடாது மேடம்" என்றார் இன்ஜினியர் போனில். நாற்காலியை வெளியே எடுத்தோம். ஸ்டூலை எடுத்தோம். சுவரில் இருந்த காலண்டரைக்கூடக் கழற்றினோம். டாக்டர் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். உறையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. அது பேனலின் சட்டை. சட்டையை யார் பொருளாக நினைப்பார்கள்? ஆக, ஒன்றுமில்லாமைக்கு ஒரு பொத்தான் உண்டு என்று அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது. சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பும் ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உறை இருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. எத்தனை பேரின் முகவாய் படுகிற இடம் அது. அழுக்காகிவிட்டதே என்று நான்தான் வீட்டுக்கு எடுத்துவந்து துவைத்துப்போட்டேன். மழை விடவில்லை, பஞ்சு காயவில்லை, பேனல் வெறும் உடம்போடு வேலை பார்த்தது. இருக்கவேண்டிய பொத்தானைக் காணோமே என்று அது தேடியிருக்க வேண்டும். அந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம் போட்டது. நீங்கள் இருமலுக்குப் படம் எடுக்க வந்தது அப்போதுதான். எடுத்து முடிப்பதற்குள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அதென்னம்மா நெஞ்சுல ஓட்டை?" என்றீர்கள். "டாக்டர் பாத்துதான் சொல்லணும் மாமா" என்றேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த வாக்கியம் அது. அதைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்புறம் நடந்தது எனக்கு அத்தை சொல்லித்தான் தெரியும். வீட்டுக்குப் போய் சிகரெட் பெட்டியைத் தண்ணீர் வாளியில் போட்டீர்களாம். உயிரோடிருக்கும்வரை இனித் தொடமாட்டேன் என்றீர்களாம். அத்தை சாம்பல் கிண்ணங்களையெல்லாம் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, ஜன்னல் துணிகளைத் துவைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் கத்திக் கேக்காத மனுஷன், உன் பலகை சொல்லிக் கேட்டுட்டாருடீ" என்று சொல்லி அழுதார். பயமா சந்தோஷமா, எந்தப் பக்கத்து அழுகை என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

இதற்குள் டாக்டர் உட்கார்ந்து படங்களைப் பார்த்தார். உங்களுக்கு ஓட்டை. உங்களுக்குப் பின்னால் வந்த பள்ளிக்கூட ஆசிரியைக்கும் ஓட்டை. லாரி டிரைவருக்கும் அதே இடத்தில் ஓட்டை. "ஊருக்கே ஒரே எடத்துலயா விழும்?" என்று முனகிக்கொண்டே பெரிதாக்கினார். கறுப்பு வட்டத்துக்குள் பொத்தான் துளைபோலச் சதுரமாக நாலு வெள்ளைப் புள்ளி. ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கு மருந்து எழுத முடியாதும்மா," என்றார், "ஊசியும் நூலும்தான் எழுதணும்."

உறையைத் தூர வைத்துவிட்டு மறுபடி காலிபரேஷன் செய்து எல்லாரையும் திரும்ப அழைத்தோம். நீங்களும் வந்தீர்கள். சட்டையைக் கழற்றச் சொன்னேன். "இந்த ஏசிக்கு சட்டைய வேற கழட்டினா இல்லாத வியாதியும் வந்துடும்." பையில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "கைக்குட்டை. அதுகூட வெச்சுக்கக் கூடாதா?" ஒரு தடவை பயமுறுத்தியவள் நான், அதனால் வற்புறுத்தவில்லை. ஓட்டை இல்லை, மாமா. அன்று தெரிந்த வட்டம் உங்கள் பொத்தான்தான், ஆனால் நெஞ்சில் இல்லை, கோட்டில் இருந்தது. நுரையீரல் நன்றாக இருக்கிறது, இருமல் தானே போய்விடும் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதை உங்களுக்குச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பொய்யான ஒரு ஓட்டை, மெய்யான ஒரு பழக்கத்தை நிறுத்தியிருக்கிறது. ஆனால் ஒரு மனிதரைப் பயத்திலேயே உட்காரவைத்து நல்லவராக்குவது என் வேலையில்லை. விட்டது விட்டதாகவே இருக்கட்டும், மாமா. பயத்தால் விட்டீர்கள், இனி மனதால் விட்டிருங்கள். உங்கள் சொல்மேல் எனக்கு முழு நம்பிக்கை. அத்தைக்கு அதைவிட அதிகம். தொட்டியில் செடிகூட வைத்துவிட்டாராம்.

இருவரும் நீண்ட நாள் இருமலின்றி வாழவும், என்னை மனதார வாழ்த்தவும் வேண்டிக்கொண்டு, இருவர் பாதங்களையும் வணங்கி,

என்றும் உங்கள்
அக்கா மகள்

பின்குறிப்பு: புதுப் படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அதில் சட்டைப்பை இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று மறுபடி பயந்துவிடாதீர்கள், அது நோயல்ல. பை பேனலை ஒட்டியே இருந்ததால் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. ஒரு குட்டிச் சக்கரம், அதற்குக் கீழே ஒரு ஸ்பிரிங். கைக்குட்டையில் ஸ்பிரிங் இருப்பதில்லை. டாக்டர் "லைட்டர்" என்றே ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார். இது நம் இருவருக்குள் இருக்கட்டும், மாமா. அத்தை, நீங்கள் என் கையெழுத்தோடு வாசிப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள்.