எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்

எல் ஆல்டோ,
சனிக்கிழமை.

பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவின் சமூகப் பணியாளர், மதிப்பிற்குரிய செல்வி நெலிடா பால்தெர்ராமா அவர்களுக்கு, கணிதத் துறை மூன்றாம் ஆண்டு மாணவி லிஸ்பெத்தின் தாய் ருஃபினா தின்தாயா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமென நம்புகிறேன். எங்கள் தெருச் சேற்றில் மாட்டிக்கொண்ட தங்கள் இடது காலணியும் இதற்குள் காய்ந்திருக்கும் என நம்புகிறேன்.

என் மகளுக்கு மதியச் சாப்பாடும் விடுதி இடமும் கிடையாது என்று வந்த தாளில், “வீட்டு நிலை: திருப்திகரம்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஃப்ரிட்ஜ், சோபா, பெரிய டிவி, தரைவிரிப்பு என்று நான்கு டிக். நான்கும் அங்கே இருந்தது உண்மை. நான்கும் எங்களுடையவை அல்ல.

நீங்கள் வருவதை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி அனுப்பியதில்தான் எல்லாம் தொடங்கியது. பக்கத்து வீட்டு ஹசின்தா அம்மாளின் காதில் அது விழுந்துவிட்டது. “ஏண்டி ருஃபினா, பல்கலைக்கழகத்துலேருந்து படிச்ச பொண்ணு வருது, வாளியக் கவுத்துப் போட்டு உக்காருன்னு சொல்லுவியா? தெரு மானம் என்னாகறது?” என்று வந்து நின்றார். “அத்தை, நாம ஏழைன்னு பாக்கத்தான் அவங்க வர்றாங்க. வாளியிலதான் உக்காரணும்” என்றாள் லிஸ்பெத். “போடி, கணக்கு படிச்சுப் படிச்சு மண்டை காஞ்சு போச்சு உனக்கு. ஏழைன்னா வந்தவங்களுக்கு ஒரு நாற்காலி போடக் கூடாதா?” அவ்வளவுதான், சோபா முடிவெட்டும் கடையிலிருந்து வந்தது, டிவி கோழி வறுக்கும் கடையிலிருந்து வந்தது, விரிப்பு ஹசின்தாவுடையது, ஃப்ரிட்ஜை எக்காளம் ஊதும் ஃபெர்மினும் அவர் குழுவினரும் நாலு பேராகத் தூக்கி வந்தார்கள். அது ஓடி மூன்று வருடம் ஆகிறது. அவர் அதில் குழுவின் சட்டைகளை மடித்து வைத்திருக்கிறார். நீங்கள் திறந்திருந்தால் நீலச் சட்டை பன்னிரண்டு இருந்திருக்கும். ஆனால் நீங்கள் நாகரிகமானவர், அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறக்க மாட்டீர்கள்.

“டிவில படம் தெளிவா தெரியுமா?” என்று கேட்டீர்கள். அதன் ஒயர் எங்கேயும் செருகியிருக்கவில்லை. நான் “நல்லாத் தெரியும்” என்றேன். “வாரத்துல எத்தனை நாள் இறைச்சி?” என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஹசின்தா, “என்னம்மா கேள்வி, சூப் ஆறுது பாரு, தொடையை எடுத்துக்க!” என்றார். அது முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி. நீங்கள் “ஏழு” என்று குறித்துக்கொண்டதை லிஸ்பெத் எட்டிப் பார்த்துவிட்டாள்.

பழியைத் தெருவின்மேல் போடுவது சுலபம். நானும் கல்லூரியில் படித்தவள், பதிலி ஆசிரியை. யாராவது ஆசிரியைக்குப் பிள்ளை பிறந்தால்தான் எனக்கு வேலை. அந்தப் படிவம் எதற்கென்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்த விரிப்பை உதறி விரித்தவள் நான். “வீட்ட நல்லா வச்சிருக்கீங்க” என்று நீங்கள் சொன்னீர்கள் பாருங்கள், என் கணவர் போன பிறகு இந்த வீட்டைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. இல்லைங்க, இதெல்லாம் இரவல் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சோபாவில் நீங்கள் உட்கார்ந்திருக்கட்டும் என்று தோன்றியது. பணக்காரர்கள் ஏழையாக நடித்து உதவி வாங்குவதைப் பிடிக்க உங்களிடம் வழி இருக்கும். இப்படி நடிப்பவர்களுக்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

நீங்கள் தெரு முனை திரும்புவதற்குள் முடிவெட்டுகிறவர் சோபாவைக் கேட்டு வந்துவிட்டார். சாயங்காலம் மண் தரையில் நாங்களும் வாளியும்தான். இப்போது லிஸ்பெத் எல்லை தாண்டி சாவ் பாவ்லோவுக்கு வேலைக்குப் போகிறாள். அவள் மாமா அங்கே தையல் பட்டறையில் இருக்கிறார். திங்கட்கிழமை பஸ். எங்கள் தெருவிலிருந்து அப்படிப் போன பிள்ளைகளில் யாரும் மறுபடி புத்தகத்தைத் தொடவில்லை. அவளோடு கணிதத்தில் சேர்ந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர், இன்று மிச்சம் ஆறு. அவள் போனால் ஐந்து. இந்தக் கணக்கு மட்டும் எனக்கு வருகிறது.

ஆகவே தயவுசெய்து இன்னொரு முறை வாருங்கள். சொல்லாமல் வாருங்கள். காலையில் வாருங்கள், ஹசின்தா சந்தைக்குப் போயிருக்கும் நேரம். உங்களை வாளியில் உட்காரச் சொல்வேன். அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

கன்னி மரியாளும் இல்லிமானி மலையும் தங்களையும் தங்கள் குடும்பத்தையும் நோய்நொடியின்றிக் காக்கட்டும்.

பணிவுடன்,
ருஃபினா தின்தாயா

பி.கு.: உறையை ஒட்டுமுன் லிஸ்பெத்துக்குப் படித்துக் காட்டினேன். மேல்முறையீட்டைக் கணினி வழியாகத்தான் அனுப்ப வேண்டுமாம், கடைசி நாள் நேற்றாம். “தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?” என்றேன். “மூணு நாளா எழுதிட்டிருந்தியேம்மா, எப்படிச் சொல்றது?” என்றாள். எனவே மேலே கேட்ட எதையும் தாங்கள் செய்ய வேண்டியதில்லை. வரவும் வேண்டாம். பஸ்ஸும் திங்கட்கிழமை இல்லை. டிக்கெட்டைப் புதன்கிழமைக்கு மாற்றி வந்திருக்கிறாள். மனசு மாறிட்டியா என்று பதறிக் கேட்டேன். “இல்லம்மா. வியாழக்கிழமை சார் ஒரு நிரூபணத்தைப் பாதியில நிறுத்திட்டாரு. மிச்சத்தைச் செவ்வாய்க்கிழமைதான் போடுவாரு. அதைப் பாத்துட்டுக் கிளம்பறேன்” என்றாள்.