நாற்பது கையெழுத்தும் ஓர் எவர்சில்வர் அண்டாவும்

தப்பு செய்தவர் ஒளிந்துகொள்ளச் சரியான இடம், அந்தத் தப்பைச் செய்தது யார் என்று தேடுகிற கூட்டம்தான். நான் அப்படி ஆறு வருடம் ஒளிந்திருந்தேன். அதுவும் ஒரு மூலையில் இல்லை, முன்வரிசையில் நின்று, எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டிக்கொண்டு.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் டிவியில் 'கத்தரிக்கா கச்சேரி' என்று ஒரு பொம்மை நிகழ்ச்சி வந்தது. கத்தரிக்கா மாமா என்கிற பொம்மைதான் நடத்துபவர். பாட்டுக்குக் கொக்கு சரோஜா, மேஜிக்குக்கு ஒரு தவளை, நடுவில் நாடகம், விடுகதை. ஞாயிறு காலை பத்து மணிக்குப் பதினோரு வாரம் ஓடியது. பிறகு 'நேயர்களின் வேண்டுகோளை ஏற்று' சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மாற்றினார்கள். சனிக்கிழமை ஐந்தரைக்கு எந்தப் பிள்ளை வீட்டுக்குள் இருக்கும்? நாலே வாரத்தில், பார்க்க ஆளில்லை என்று இழுத்து மூடிவிட்டார்கள்.

இந்தப் பதினைந்து வாரக் கூத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் சேது அண்ணன் தொடங்கியது. எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள். கத்தரிக்கா மாமா ஊதாவா பச்சையா என்று மூன்று நாள் சண்டை போட்டு இரண்டு பேர் குழுவை விட்டே போனார்கள். (அன்றைக்கு எல்லார் வீட்டிலும் கறுப்பு வெள்ளை டிவிதான் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் ஊதாக் கட்சி.) மற்ற நாட்களில் ஒரே கேள்விதான்: நேரத்தை மாற்றச் சொன்ன அந்த நேயர் யார்? 'அந்த ஆள் மட்டும் கையில கிடைக்கட்டும்' என்று நான் எழுதியதற்கு முப்பது பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். வசனமெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்பதால் என்னை இன்னொரு அட்மின் ஆக்கினார் சேது அண்ணன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேரத்தை மாற்றச் சொன்னது நான். அதைவிட அசிங்கம், அந்த நிகழ்ச்சியை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

காரணம் என் தலைமுடி. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் என்பதால் எனக்கு எண்ணெய்க் குளியல் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்குக் காலைச் சமையல் முடிந்து கை ஒழிகிற நேரம் சரியாகப் பத்து மணி. கொல்லைப்புறத்துக் கல்லில் உட்காரவைத்துச் சீயக்காயை அரக்கித் தேய்ப்பார். உள்ளே கத்தரிக்கா மாமா பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்கும். (வசனம் மனப்பாடமான ரகசியம் இதுதான்.) கண்ணைத் திறந்தால் எரியும். "அண்ணே, இப்ப என்ன பண்ணுது?" என்று கத்துவேன். டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் என் அண்ணன் பாண்டி, "ஒண்ணுமில்ல, ஆடுது" என்பான். பதினோரு வாரமும் இதே பதில்தான். அவன் வாயில் சீயக்காயைக் கரைத்து ஊற்ற வேண்டும் போலிருக்கும்.

ஆறாவது வாரம் பொறுக்க முடியாமல் டிவி நிலையத்துக்குக் கடிதம் எழுதினேன். ஒரு ஆள் எழுதினால் மதிப்பார்களா? நாற்பது பேர் எழுதியதாகக் காட்ட முடிவு செய்தேன். நாற்பது பெயருக்கு எங்கே போவது? கோட்டையூரில் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் சுவரில் உபயம் கொடுத்தவர்கள் பட்டியல் ஒரு பலகையில் இருக்கும். நோட்டோடு போய் நின்று மேலிருந்து கீழாக அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். என் பெயரை மட்டும் சேர்க்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரி.

நேரம் மாறியது. அந்த அறிவிப்பை எண்ணெய் வழியக் கேட்டுவிட்டுக் கல்லிலிருந்து எழுந்து குதித்தேன். அந்த வாரமே அம்மா, "சனிக்கிழமை சாயங்காலம் சும்மாதான இருக்கா" என்று என்னை ஹிந்தி டியூஷனில் சேர்த்துவிட்டார். ஐந்திலிருந்து ஆறரை வரை. அந்த ஹிந்தியில் இன்று ஒரு வார்த்தைகூட எனக்கு நினைவில்லை.

போன வருடம் சேது அண்ணன் ரசிகர் சந்திப்பு ஏற்பாடு செய்தார். காரைக்குடியில் ஒரு ஹோட்டல் மாடி ஹால். கத்தரிக்கா மாமாவை ஆட்டிக் குரலும் கொடுத்த தனபால் சார், மதுரையிலிருந்து பொம்மையோடு வந்திருந்தார். பாண்டி அண்ணன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைத்தான். வரவேற்புரை நான். வாயை அடக்கியிருக்கலாம். "நம்ம கச்சேரிய கெடுத்த அந்த ஆளக் கண்டுபிடிக்காம நான் ஓய மாட்டேன்" என்று மைக்கில் முழங்கினேன்.

"அதுக்கென்னம்மா, அந்த லெட்டரே எங்கிட்ட இருக்கே" என்றார் தனபால் சார்.

அவர் பையிலிருந்து பழுப்பேறிய நோட்டுத் தாளை எடுத்தார். சும்மா படித்திருந்தாலும் பரவாயில்லை. பொம்மையைக் கையில் மாட்டி, கத்தரிக்கா மாமா குரலிலேயே படிக்க ஆரம்பித்தார்.

"மதிப்பிற்குரிய கத்தரிக்கா மாமாவுக்குக் கோட்டையூர் ரசிகர்கள் எழுதிக்கொண்டது. நீங்கள் ஞாயித்துக்கிழமை காலையில் கச்சேரி வைக்கிறீக. அந்நேரம் பெண்பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்க்கிறார்கள். கண்ணில் சீயக்காய் போகிறது. ஆகையால் சனிக்கிழமை சாயங்காலம் வைக்கவும். இப்படிக்கு, ராம. மெய்யப்பன், வயி. நாகப்பன், கரு. சொக்கலிங்கம்..."

பதினேழாவதாக, "எவர்சில்வர் அண்டா ஒன்று" என்றது பொம்மை. பதினெட்டாவது ரசிகர், "டியூப்லைட் இரண்டு."

ஹால் சிரித்து ஓய்வதற்குள் பாண்டி அண்ணன் எழுந்துவிட்டான். "இது எங்க தெருப் பிள்ளையார் கோயில் பலகைல்ல? மெய்யப்பன் ஐயா அப்பவே செத்துப் பல வருசமாச்சே."

"இங்குட்டு குடுங்க தம்பி" என்று அம்மா தாளை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமைன்னு எழுதுடி, ஞாயித்துக்கிழமைன்னு எழுதாதன்னு எத்தன தடவ கொட்டிருப்பேன் உன்னைய."

மைக் என் கையில்தான் இருந்தது. எண்பது கண்களும் என் மேல். சேது அண்ணன் கோபப்படக்கூட இல்லை. "ஆறு வருசமா நீதானம்மா தேடுன" என்றார். அதுதான் அதிகம் குத்தியது.

எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? தனபால் சார்மேல் காட்டினேன். "ஏன் சார், அண்டா எங்கயாச்சும் கையெழுத்துப் போடுமா? பதினொரு வயசுப் பிள்ள எழுதுனா, படிச்சுப் பாக்க மாட்டீகளா?"

"நாங்க அண்டாவப் பாக்கலம்மா, நாற்பதத்தான் பாத்தோம்" என்றார். "எங்களுக்கு வந்ததே மொத்தம் ஒம்பது லெட்டர். நாற்பது பேரு சேந்து எழுதுறாகன்னதும் தலகால் புரியல. அவுக கேட்டதச் செய்யாட்டி எப்படின்னு நாந்தான் டைரக்டர்கிட்டப் போயி நின்னேன்."

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனவள் மிச்சத்தையும் உளறிவிட்டேன். "நான் ஒருநாள்கூடப் பாத்ததில்ல சார். கேட்டது மட்டுந்தான்."

தனபால் சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். அதன் எதிரே மேஜைக்குப் பின்னால் குனிந்து பொம்மையை உயர்த்தினார். எனக்காக ஒரு கச்சேரி. கடிதம் படித்தபோது இருந்த பதற்றத்தில் கவனிக்கவில்லை, அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். ஊதாவும் இல்லை, பச்சையும் இல்லை, காப்பிப்பொடி நிறத்தில் ஒரு துண்டுத் துணி. சட்டைப் பொத்தானில் இரண்டு கண், அதில் ஒன்று உதிர்ந்திருந்தது. இதற்காகவா நாற்பது பேரை, அதிலும் பாதி செத்தவர்களை, இழுத்துக் கையெழுத்துப் போட்டேன்? எரிச்சலாக வந்தது. ஆனால் அது பேச ஆரம்பித்ததும் எனக்குத் தெரியாமலே கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் கத்தரிக்கா மாமா வந்துவிட்டார், நல்ல ஊதா நிறத்தில். எனக்கு அழுகையும் வந்தது.

பின்னாலிருந்து பாண்டி அண்ணன் குரல்: "நேர்ல வந்து காட்டுறாரு, இப்பவும் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க."

குழுவில் என்னை யாரும் நீக்கவில்லை. சேது அண்ணன் போனில் என் பெயரை 'எவர்சில்வர் அண்டா' என்று மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். வீட்டில்தான் நிம்மதி போய்விட்டது. சீரியல் எது முடிந்தாலும் அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். போன வாரம் கோட்டையூர் டவுன் பஸ்ஸை எட்டே காலிலிருந்து எட்டரைக்கு மாற்றினார்கள். நான் ஆபீஸில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து போன்.

"ஏண்டி, அண்டா எதுவும் கையெழுத்துப் போட்டுச்சா?"