மினாமி நகரத்துப் பூங்கா

ஒரு நகரம் உண்டாக வேண்டுமானால் முதலில் வேண்டியது ஒரு மேஜை. சாலை, தண்ணீர், சனம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லாபிஸ் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்புறம், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்த பழைய கொட்டகையில் அப்படியொரு மேஜை போடப்பட்டது. ஜப்பான்காரன் கணக்கில் வருஷம் 2604. பழைய கணக்கில் 1944. ஆனால் பழைய கணக்கைச் சொன்னவர்களின் கன்னம் வீங்கிய காலம் அது. கடிகாரத்தையும் தோக்கியோவுக்குத் தோதாக முன்னால் தள்ளிவைத்திருந்தார்கள். இருட்டு விலகுமுன்பே எங்கள் ஊரில் காலை எட்டு மணியாகிவிடும். வருஷத்தையும் மணியையும் ஒரு உத்தரவில் மாற்றியவர்களுக்கு நகரம் எம்மாத்திரம்?

மேஜைக்கு முன்னால் பலகை: ‘தென்திசைப் புதுநகர் விருத்தி இலாகா.’ மேஜைக்குப் பின்னால் ஸ்டானிஸ்லாஸ் கிராணி. வெள்ளைத்துரை காலத்தில் தோட்டத்து ஆபீசில் ஆள் கணக்கு எழுதிய கிராணி, அதாவது குமாஸ்தா. துரை கப்பலேறியதும் அதே மூக்குக்கண்ணாடியோடு, அதே பேனாவோடு அடுத்த அரசாங்கத்துக்கு வந்து சேர்ந்தார். கிராணிக்கு மேலே ஒகாவா என்ற நிப்பான் அதிகாரி; ஜப்பானை அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒகாவாவுக்கு மேலே, சுவரில், வரைபடம்.

வரைபடத்தில் மினாமி நகரம் இருந்தது. மினாமி என்றால் அவர்கள் பாஷையில் தெற்கு. லாபிஸிலிருந்து இரண்டு மைலில் பன்னிரண்டு வீதிகள், டிராம் பாதை, சினிமாக் கொட்டகை, நீரூற்று. நிலத்தில் இருந்தவை சதுப்பு, அட்டை, காட்டுப்பன்றி. இவை நகரத் திட்டத்துக்கு முரணாக இருந்தபடியால் வரைபடத்தில் சேர்க்கப்படவில்லை.

‘வளரும் தென்திசை நகரங்களில் மனை வாங்குவீர், வருங்காலத்தில் குடியேறுவீர்’ என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வருங்காலத்தில் குடியேறுவதற்கு நிகழ்காலத்தில் பணம் கட்ட வேண்டும். கட்டினார்கள். ஏன் கட்டமாட்டார்கள்? கையில் இருந்ததெல்லாம் வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு. காலையில் ஒரு கோழி வாங்கிய நோட்டு மாலையில் அதன் முட்டைக்குக் காணாது. ஆகவே எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் காகிதத்தைக் கொடுத்துக் காகிதம் வாங்கினார்கள். கொடுத்த காகிதம் செத்துக்கொண்டிருந்தது, வாங்கிய காகிதம் இன்னும் பிறக்கவில்லை. இதற்குப் பெயர் முதலீடு.

அதிலும் ஒரு நாகரிகம் கிளம்பியது. ஐயாசாமி மளிகைக் கடைக்காரர்; கடை இருந்தது, மளிகை இல்லை. அவருக்கும், பள்ளிக்கூடம் மூடிக்கிடந்ததால் சும்மா இருந்த ஜெயபாலன் வாத்தியாருக்கும் கடை வாசலில் நடந்த சம்பாஷணை இது:

“வாத்தியாரே, நான் எடுத்தது கிழக்குப் பார்த்த மனை. காலையில நிப்பான் திசைக்குக் குனிஞ்சு கும்பிடணும்னா வாசல்ல அப்படியே நின்னாப் போதும். நீங்க தெற்குப் பார்த்து எடுத்திருக்கீங்களே, தினம் ஒரு தடவை திரும்பணுமே?”

“திரும்பினா என்ன ஐயாசாமி? கழுத்தா சுளுக்கிக்கும்?”

“மறுபடி விக்கப் போறப்போ தெரியும் லா.”

மறுநாளே வாத்தியார் தெற்கைத் தள்ளிவிட்டு, கிழக்குப் பார்த்த இருபத்திரண்டாம் நம்பர் மனையை ஒன்றரை மடங்கு விலைக்கு வாங்கினார். பதினேழாம் நம்பர் ஆறு மாதத்தில் ஐந்து கை மாறியது. ஐந்து பேரில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கப் போவதென்றால் சைக்கிள் வேண்டும், சைக்கிளுக்கு டயர் வேண்டும். ரப்பர் விளையும் ஊரில் டயர் இல்லை.

அந்த நிலத்தைக் கண்ணால் பார்த்தவள் ஒருத்திதான். கெர்ட்ரூட் தோட்டத்தில் ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவள். அவள் கணவன் ரபேலைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஒரு கடிதாசி வரவில்லை. மூன்று பிள்ளைகள். ‘ஒவ்வொருவரும் உணவுப் பயிர் செய்க’ என்று வேறொரு இலாகா போட்ட உத்தரவை அவள் உண்மையென்று நம்பி, புதரை வெட்டி, நூற்று நாற்பது மரவள்ளிக் குச்சி ஊன்றியிருந்தாள். கிழங்கு முற்ற ஐந்து மாதம் இருந்தது. அதுவரை ரேஷன் அரிசிக் கஞ்சியும் கீரையும்தான். அந்தக் கொல்லை போனால் பிள்ளைகள் போவார்கள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளின் குச்சிக் கால்களைப் பார்த்தாலே தெரியும்.

இலாகாவிலிருந்து ஆள் வந்து அவளைக் கூப்பிட்டுப் போனான்.

“இந்தாம்மா கெர்ட்ரூட், உன் மரவள்ளி சினிமாக் கொட்டகைக்குள்ள நிக்குது. ஏழு நாளைக்குள்ள பிடுங்கிடணும்” என்றார் கிராணி.

“கொட்டகை எங்க இருக்கு கிராணி ஐயா?”

“வரைபடத்துல.”

“என் மரவள்ளி?”

கிராணி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுவர் ஓரமாகத் தேடினார். “அது வரைபடத்துல இல்ல.”

“இல்லாததை எப்படி ஐயா பிடுங்கறது?”

இருபது வருஷ உத்தியோகத்தில் கிராணியை இப்படி ஒருவரும் கேட்டதில்லை. “அலமாக்! இருக்குதுன்னு உனக்குத் தெரியும்ல? நீதானே நட்டே?”

“எனக்குத் தெரியும். இலாகாவுக்குத் தெரியணுமில்ல? மொதல்ல வரைபடத்துல போடுங்க. போட்டப்புறம் பிடுங்கிடறேன்.”

அவளுக்கு வேண்டியிருந்தது ஐந்து மாதம். ஒரு இலாகா ஒரு கோடு போட ஐந்து மாதம் ஆகும் என்று அவள் கணக்குப் போட்டாள். அவள் போட்ட கணக்கில் தவறியது இது ஒன்றுதான். விஷயத்தைக் கிராணி மொழிபெயர்த்துச் சொன்னதும் ஒகாவாவின் முகம் மலர்ந்தது. நிலத்தில் உள்ள ஒன்று தானாக வந்து வரைபடத்தில் இடம் கேட்பது அதுவே முதல் தடவை. உடனே பென்சில் பெட்டியைத் திறந்தார். நீலம் நீருக்கு, சிவப்பு அரசாங்கக் கட்டடத்துக்கு, மஞ்சள் வீதிக்கு, பச்சை பூங்காவுக்கு. உணவுக்கு அந்தப் பெட்டியில் நிறம் இல்லை. ஒரு அரசாங்கத்தைப் பற்றி இதற்குமேல் என்ன தெரிந்துகொள்ள வேண்டும், கேட்கிறேன்?

மரவள்ளிக்குப் பச்சை அடித்தார். சினிமாக் கொட்டகை இரண்டு அங்குலம் தள்ளிச் சதுப்புக்குள் போனது.

கெர்ட்ரூட் கொல்லை தப்பியதென்று மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். ஐந்தாம் நாள் கொல்லையில் பலகை நட்டார்கள்: ‘மினாமி நகரப் பூங்கா. செடிகளைத் தொடுவோர் கடுமையாகத் தண்டிக்கப்படுவர்.’ பலகைக்குக் காவலாகக் கிராணியின் மச்சான் தங்கராஜு நியமிக்கப்பட்டார். பூங்காவைத் தினமும் கூட்டும் வேலை கெர்ட்ரூட்டுக்கு, சம்பளமில்லாமல், கௌரவமாக வழங்கப்பட்டது.

மனை விலை குதித்தது. பூங்காவுக்குக் கிழக்கே இருந்த இருபது மனைகளுக்கும் முன்வாசல் நிப்பானைப் பார்க்கும், பின்வாசல் பூங்காவைப் பார்க்கும்! இப்படிப்பட்ட மனை ஷோனானில்கூடக் கிடையாது என்றார் ஐயாசாமி. சிங்கப்பூருக்கு அப்போது அதுதான் பெயர். இருபது பேரும் கூடி ‘பூங்கா ஓர மனையுரிமையாளர் சங்கம்’ அமைத்தார்கள். தலைவர் ஜெயபாலன் வாத்தியார். இத்தனை நாள் நிலத்தைப் பாராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு மைல் நடந்துபோய்ப் பூங்காவில் காற்று வாங்கினார்கள். ஒருவர் வீட்டிலும் அரை வயிற்றுக்குமேல் சாப்பாடு இல்லை. பசித்த வயிற்றோடு நின்று சாப்பாட்டைக் காவல் காத்தார்கள், அது பூங்காவாகிவிட்டதல்லவா?

கிழங்கு முற்றியது. கெர்ட்ரூட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரிடம் போய் நின்றாள்.

“வாத்தியாரய்யா, இன்னும் விட்டா நாரா போயிடும். சின்னவன் எழுந்து நிக்கவே மாட்டேங்கிறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கிராணி ஐயா கேட்பாரு.”

“நீ சொல்றது நியாயந்தாம்மா. ஆனா தோண்டினா அது பூங்கா இல்லியே, குழி. குழியைப் பார்த்த மனையை யார் வாங்குவா?”

“என் பிள்ளைங்க சாப்பிடும்யா.”

“நாங்க மட்டும் யாருக்காக வாங்கிப் போட்டிருக்கோம்? எல்லாம் பிள்ளைங்க எதிர்காலத்துக்குத்தானே.”

இதைச் சொல்லும்போது வாத்தியார் கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை.

காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் பக்கம் சங்கு ஊதும். யார் எங்கே இருந்தாலும் கிழக்கே பார்த்து இடுப்பளவு குனிந்து, அடுத்த சங்கு ஊதும்வரை அப்படியே நிற்க வேண்டும். இரண்டு நிமிஷம். நடுவில் தலை நிமிர்த்தினால் அறை, திரும்பிப் பார்த்தால் உதை. தங்கராஜு உதை வாங்கிய அனுபவசாலி; பூங்காவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாரென்றால் வானம் இடிந்தாலும் அசையமாட்டார்.

மண் இளகியிருந்தது. இரண்டு நிமிஷத்தில் ஒரு மரவள்ளியைப் பிடுங்கிக் கிழங்கை ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டு, தண்டை அதே குழியில் ஊன்றி மண்ணை மிதித்துவிடலாம். மரவள்ளித் தண்டு எங்கே குத்தினாலும் தழைக்கும். ஒரு நாளைக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கம் முழுவதும் வரிசையாகக் குனிந்து, இருபது முதுகுகளைக் காட்டி அவளுக்கு ஒத்துழைத்தது. இலாகா மாதம் ஒருமுறை வந்து செடிகளை எண்ணியது. நூற்று நாற்பது. எப்போதும் நூற்று நாற்பது. சின்னவன் எழுந்து நின்றான்.

நூற்று முப்பத்தொன்பதாவது நாள் சங்கு ஊதவில்லை. ஜப்பான் சரணடைந்துவிட்டது என்றார்கள். ஒகாவா பென்சில் பெட்டியை மறந்து ரயிலேறினார். வாழைமர நோட்டு அடுப்பெரிக்கவும் உதவாமல் போயிற்று. அப்போதுதான் சங்கத்தாருக்குப் பூங்கா சாப்பிடக்கூடியது என்பது ஞாபகம் வந்தது. மண்வெட்டியோடு ஓடினார்கள். ஐயாசாமி முதல் தண்டை இழுத்தார். அடியில் பூனை மீசை மாதிரி நாலு வேர்.

“திருடி! எப்படி எடுத்தே? எப்ப எடுத்தே?”

“நீங்க கும்பிட்டுக்கிட்டு இருந்தப்ப, அண்ணே” என்றாள் கெர்ட்ரூட். “இன்னும் ரெண்டு நான் தொடாம இருக்கு, கடைசி வரிசையில. எடுத்துக்குங்க.”

எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரன் திரும்பினான். கடிகாரம் திரும்பியது, வருஷம் திரும்பியது, ரபேல் திரும்பவில்லை. ஸ்டானிஸ்லாஸ் கிராணி சுவரில் வரைபடத்தை எடுத்துவிட்டு வெள்ளைக்கார ராஜா படத்தை மாட்டி, ‘நில ஆபீஸ்’ என்று புதுப் பலகை வைத்த அதே மேஜையில் உட்கார்ந்தார். காடு வெட்டிப் பயிர் செய்தவர்கள் அந்த நிலத்தைத் தம் பேருக்குக் கேட்கலாம் என்று ஒரு அறிவிப்பு வந்தது. கெர்ட்ரூட் போய்க் கேட்டாள்.

“அது பூங்காம்மா. பொது இடம்.”

“நகரமே இல்லியே கிராணி ஐயா!”

“இல்லன்னு யார் சொன்னா? உண்டுன்னு உத்தரவு ஃபைல்ல இருக்கு. ரத்துன்னு ஒரு உத்தரவும் இல்ல.” கிராணி உண்மையிலேயே இரக்கப்பட்டார். “ஒண்ணு செய். மனை வாங்கின இருபது பேரும் ‘அங்க நகரமும் இல்ல, பூங்காவும் இல்ல’ன்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டுத் தரட்டும். நான் மாத்தி எழுதிடறேன்.”

அவள் தாளைத் தூக்கிக்கொண்டு இருபது வீட்டுக்கும் நடந்தாள். நோட்டு செல்லாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பத்திரம் செல்லாது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே? “போடறதுக்கென்ன, மொதல்ல வாத்தியார் போடட்டும்” என்றார் ஐயாசாமி. மற்றப் பதினெட்டுப் பேரும் அதையே சொன்னார்கள். நாலு வருஷமாகச் சொன்னார்கள்.

ஜெயபாலன் வாத்தியார் என் அப்பா. முன்பே சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் இவ்வளவு சௌகரியமாகக் கோபப்பட்டிருக்க முடியாது.

சிங்கப்பூரில் யூனிவர்சிட்டி லீவு விட்டு நான் வந்திருந்தபோது கெர்ட்ரூட் அக்கா எங்கள் வாசலில் நின்றாள். தாள் மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் அப்பாவோடு இரண்டு மணி நேரம் வாதாடினேன். நியாயம், சட்டம், மனிதத்தன்மை ஒன்றையும் விடவில்லை. அப்பா பொறுமையாகக் கேட்டார்.

“நீ சொல்றதெல்லாம் சரிம்மா. இருபத்திரண்டாம் நம்பர் பத்திரம் அப்பவே உன் பேர்லதான் எழுதியிருக்கு. நீயே போட்டுக் கொடுத்துடு.”

பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அந்த மனைகள் பக்கமாகப் புது ரோடு ஒன்று வரப்போவதாகக் காலைப் பேப்பரில் போட்டிருந்தான்.

“பேனாவுல மை இல்லக்கா. அடுத்த லீவுல வர்றப்போ பார்க்கலாமா?”

அவள் பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “சரி பாப்பா” என்று தாளை மடித்துக்கொண்டு போனாள்.

இவ்வளவையும் அதே பேனாவால்தான் எழுதியிருக்கிறேன். இன்னும் மை இருக்கிறது.