கிழங்குக் கிளி

கிளிமுடி நாட்டில் அரச முத்திரை பதித்த ஓலை வந்தால், மக்கள் அதைக் கண்ணை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். உற்றுப் பார்ப்பது ராஜதுரோகம். கொண்டுவந்தவனே அதை உரக்க வாசிப்பான். ஆகவே முத்திரையில் ஒரு கிளி உண்டு என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. இதை அங்கே பக்தி என்றார்கள்.

அந்நாட்டுச் சந்தையில் கடைக்கு ஒரு பலகை இருந்தது. கடை பிடித்துப்போனவர்கள் அதில் ஒரு நூல் கட்டிவிட்டுப் போவார்கள். கடைக்காரர் சாவியால் பலகையைத் திறந்து எழுதினால், நூல் கட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் புறாக்கள் அந்தச் செய்தியைக் கொண்டுபோகும். தலையணை விற்கும் மரகதவல்லியின் பலகையில் பதினோராயிரம் நூல்கள் இருந்தன. ஒன்பது வருட உழைப்பு.

ஒருநாள் பக்கத்துப் பாத்திரக்கடைக் கோதண்டத்திடம் ஓலை வந்தது. “உங்கள் பலகை விதியை மீறிவிட்டது. பொழுது சாய்வதற்குள் சாவியைச் சரிபார்க்கத் தராவிட்டால் பலகை அகற்றப்படும்.” அவர் ஒற்றிக்கொண்டார், சாவியைக் கொடுத்தார். மாலைக்குள் அவர் பெயரில் ஆறாயிரம் வீடுகளுக்குச் செய்தி போயிற்று: பாதி விலைக்கு அண்டா, முன்பணம் உடனே அனுப்பவும். மறுநாள் அண்டா கேட்டு வந்த கூட்டம் கடையைப் பெயர்த்துவிட்டுப் போனது.

சபை கூடியது. “பக்தி குறைந்ததே காரணம்” என்றார் முத்திரை அமைச்சர் பேரருளாளர். இனி மூன்று முறை ஒற்ற வேண்டும் என்று உத்தரவாயிற்று. கண்கள் மூடியிருக்கும் நேரம் மும்மடங்காயிற்று, திருட்டும் அப்படியே. அடுத்த உத்தரவு, சாவியைப் பறிகொடுத்தவரின் கடையை ஒரு மாதம் மூடச் சொன்னது. அதன்பின் ஒருவரும் புகார் செய்யவில்லை. திருட்டு ஒழிந்ததென்று அமைச்சர் முரசறைவித்தார்.

நடுவே ஓர் உத்தரவு சந்தைக் கிணற்றைத் தூர்வாரச் சொன்னது. உருப்படியான உத்தரவா என்று மக்கள் திகைத்துப்போனார்கள்.

பிறகு மரகதவல்லியின் முறை வந்தது.

“பொழுது சாயறதுக்குள்ள சாவி வேணும்மா. இல்லேன்னா பலகை போயிடும். கண்ண மூடுங்க” என்றான் ஓலையோடு வந்த தூதன்.

பதினோராயிரம் நூல்கள் காற்றில் ஆடின. அவள் ஒரு கண்ணை மட்டும் மூடினாள்.

“ஏ வல்லி, இன்னொண்ணையும் மூடு! தலை போயிடும்!” என்று கத்தினார் கோதண்டம்.

“கைவசம் பாதி பக்திதாண்ணே இருக்கு.”

முத்திரையில் கிளியின் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. “அழகா இருக்கு. ஆனா அசல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே. வாங்க, அரண்மனையில ஒத்துப் பார்த்துட்டு அங்கேயே சாவி தரேன்.”

“அவசரம்மா!”

“அப்ப ஓடியே போவோம்.”

தூதன் ஓடினான், அரண்மனைக்கு எதிர்த்திசையில். ஓலை அவள் கையிலேயே இருந்தது. சந்தையே ஆரவாரத்துடன் அவள் பின்னால் புறப்பட்டது.

“முத்திரையைப் பார்த்தாயா?” என்று அரண்மனைச் சபையில் அதிர்ந்தார் பேரருளாளர்.

“ஒரு கண்ணாலதாங்க.”

“அரை ராஜதுரோகம். குறித்துக்கொள்ளுங்கள்.”

“முதலில் நம் முத்திரையைக் கொண்டுவாருங்கள்” என்றார் அரசர்.

பேழை திறக்கப்பட்டது. உள்ளே கிளி செதுக்கிய சேனைக்கிழங்கு ஒன்று, சுருங்கி, ஓரமாக முளைவிட்டுக் கிடந்தது.

அரசர் பேழைக்குள் குனிந்து பார்த்தார்.

“நம் முத்திரை பொன் அல்லவா?” என்றார் அரசர்.

“பொன்தான், பிரபு. முத்திரை காலாவதியாகிறது, சரிபார்க்க ஒப்படைக்கவும் என்று மூன்று மாதம் முன்பு ஓலை வந்தது. பக்தியோடு ஒற்றிக்கொண்டு ஒப்படைத்தேன். அது திரும்பி வரும்வரை இதை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.”

கோதண்டம் மெல்லக் கேட்டார். “அப்ப அசல் முத்திரை திருடன்கிட்ட. மூணு மாசமா நீங்க போட்டதெல்லாம்தான் கள்ள ஓலையா?”

பழைய உத்தரவு ஓலைகளை வரவழைத்துப் பார்த்தார்கள். மூன்று முறை ஒற்றச் சொன்னது, கிழங்கு. கடையை மூடச் சொன்னது, கிழங்கு. கிணற்றைத் தூர்வாரச் சொன்ன ஓலையில் மட்டும் பொன் கிளி, இறகு இறகாக. திருடர்களும் அந்தக் கிணற்றில்தான் குடித்தார்கள்.

அரசர் எழுந்தார். “கிணற்றை மூடுங்கள். பாதுகாப்பை முன்னிட்டு எல்லாப் பலகைச் சாவிகளும் பொழுது சாய்வதற்குள் அரண்மனைக்கு வர வேண்டும்.” பேரருளாளர் கிழங்கை அழுத்திப் பதித்து ஓலையை மரகதவல்லியிடம் நீட்டினார். சபை முழுவதும் வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டது.

அவள் இரண்டு கண்ணையும் திறந்து அதைப் பார்த்தாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

மாலையில் பதினோராயிரம் வீடுகளுக்குப் புறாக்கள் பறந்தன. செய்தி ஒரே வரி: “யார் சாவி கேட்டாலும் கண்ணைத் திறந்து பாருங்கள்.”

மறுநாள் அரண்மனைச் சேவகன் சாவிக்கூடையுடன் சந்தைக்கு வந்தான். ஓலையை உயர்த்தினான். ஒரு கண்கூட மூடவில்லை.

ஓலையோடு நிற்கும் அவனை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவனும் முதல்முறையாக ஓலையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தான்.